மாற்று அறுவை சிகிச்சை முடிந்து ஐசியூவில் இருக்கும் அப்பாவைப் பார்க்கப் போகும்போது

கேள்வி: அப்பாவுக்குக் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை முடிந்திருக்கிறது. கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுத்தது என் தம்பி. நாளைக் காலை ஐசியூவுக்குள் போய்ப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். எப்படி இருப்பார், என்ன பேசுவது? அம்மா அழுதுகொண்டே இருக்கிறார், அவரைக் கூட்டிப் போகலாமா? அத்தை கோயில் விபூதி கொண்டுவருகிறார், பூசலாமா? என் எட்டு மாதக் குழந்தையைக் காட்டலாமா?

மாற்று அறுவை சிகிச்சைக்கென்றே இருக்கும் ஐசியூவில் பல வருடம் செவிலியராக வேலை பார்த்தவள் நான். நீங்கள் கேட்டிருப்பது எல்லாமே கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் தம்பியைப் பற்றி ஒரு வரியோடு நிறுத்திவிட்டீர்கள். ஏறக்குறைய எல்லாக் குடும்பத்திலும் இது நடக்கும். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் அப்பா எப்படி இருப்பார் என்று சொல்லிவிடுகிறேன். தெரிந்துகொண்டு போனால் கதவைத் திறந்ததும் கால் தடுமாறாது. முகம் வீங்கியிருக்கும். கண் இமையும் விரல்களும் உப்பியிருக்கும். எட்டு, பத்து மணி நேர அறுவை சிகிச்சையில் ரத்தமும் திரவமும் நிறைய ஏற்றியிருப்பார்கள், அதனால் வருகிற வீக்கம் அது, சில நாளில் வடிந்துவிடும். கண்ணில் மஞ்சள் இன்னும் இருக்கும். புதுக் கல்லீரல் வேலையைத் தொடங்கிவிட்டாலும் பழைய மஞ்சள் இறங்க நாளாகும். கழுத்தில் ஒரு பெரிய ஊசிக்குழாய், அதிலிருந்து பிரிந்து நாலைந்து மருந்து லைன்கள். மணிக்கட்டில் ஒரு ஊசி. ரத்த அழுத்தத்தை ஒவ்வொரு துடிப்புக்கும் அளப்பது அதுதான். மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் ரைல்ஸ் டியூப், சிறுநீருக்கு ஒரு டியூப், வயிற்றின் பக்கவாட்டில் டிரெயின் குழாய்கள், அவற்றின் நுனியில் சிவந்த நீர் சேரும் பைகள். அந்தச் சிவப்பைப் பார்த்துவிட்டு ரத்தம் கொட்டுகிறது என்று நினைத்துவிடாதீர்கள். எவ்வளவு வருகிறது, என்ன நிறத்தில் வருகிறது என்று நாங்கள் மணிக்கு மணி எழுதிவைக்கிறோம். சிலருக்குக் காலில் காற்று நிரம்பி வடியும் உறை மாட்டியிருப்போம், ரத்தம் உறையாமல் இருக்க. அது புஸ்ஸென்று ஊதும்போது பலர் பயந்துவிடுவார்கள்.

வென்டிலேட்டர் இன்னும் இருக்கலாம், எடுத்தும் இருக்கலாம். பலருக்கு முதல் நாளிலேயே எடுத்துவிடுவார்கள். சிலருக்கு இரண்டு மூன்று நாள் ஆகும். வாயில் டியூப் இருந்தால் பேச முடியாது. டியூப் குரல்வளைக்குள் போவதால் குரலே எழும்பாது. அவர் பேச முயன்று சத்தம் வராமல் தவிப்பதைப் பார்க்கும்போது வயிறு கலங்கும். அந்த நேரத்தில் "என்னப்பா, என்ன வேணும், சொல்லுங்க, சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தால் அவருடைய தவிப்புதான் கூடும். ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்வியாகக் கேளுங்கள். "வலிக்குதா? வலிச்சா என் கையை அழுத்துங்க." அவ்வளவு போதும்.

கைகளைத் துணிப்பட்டியால் கட்டிலோடு தளர்வாகக் கட்டியிருப்பதையோ, கையில் உறை மாட்டியிருப்பதையோ பார்க்க நேரலாம். இதற்காக எங்களோடு சண்டை போட்ட மகன்களும் மகள்களும் உண்டு. அவர்களுடைய கோபம் எனக்குப் புரிந்தே இருந்தது. அரை மயக்கத்தில் தொண்டை டியூபையோ கழுத்து லைனையோ பிடுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து, அதற்காகத்தான் கட்டுகிறோம். நீங்கள் பக்கத்தில் நிற்கும் நேரத்துக்கு மட்டும் கட்டை அவிழ்க்க முடியுமா என்று சிஸ்டரிடம் கேளுங்கள். நீங்கள் கையைப் பிடித்திருப்பீர்கள் என்றால் பெரும்பாலும் அவிழ்த்துவிடுவோம்.

மானிட்டரைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். உள்ளே வருகிறவர்களில் பாதிப் பேர் கிடைத்த பத்து நிமிடத்தையும் திரையில் ஓடும் எண்களைப் பார்த்தே கழித்துவிடுகிறார்கள். அலாரம் அடிக்கும், அடிக்கடி அடிக்கும். விரலில் மாட்டிய கிளிப் நழுவினாலும், அவர் இருமினாலும், மருந்து சிரிஞ்ச் தீரப்போனாலும் அடிக்கும். ஓடி வர வேண்டிய சத்தம் எது என்று எங்கள் காதுக்குத் தெரியும். நீங்கள் அவர் முகத்தைப் பாருங்கள்.

இனி என்ன பேசுவது. நம் ஊரில் நோயாளியைப் பார்க்கப் போனால் முதலில் கேட்பது, "என்னைத் தெரியுதா? நான் யாரு, சொல்லுங்க பாப்போம்." தயவுசெய்து கேட்காதீர்கள். மயக்க மருந்தும் வலி மருந்தும் ஸ்டீராய்டும் ஏறிய மூளை, பகலா இரவா என்று தெரியாத அறை, அதில் கிடப்பவரிடம் பரீட்சை வைத்தால், பதில் தெரியாதபோது அவருக்குப் பயம்தான் வரும். நீங்களே சொல்லிவிடுங்கள். "அப்பா, நான் உங்க பொண்ணு வந்திருக்கேன். ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. நீங்க சென்னையில ஆஸ்பத்திரில இருக்கீங்க. இன்னைக்குப் புதன்கிழமை, காலை பத்து மணி." அவர் கண் மூடியிருந்தாலும் சொல்லுங்கள். மயக்கத்தில் இருந்தபோது காதில் விழுந்ததைப் பிறகு நினைவுகூர்ந்து எங்களிடம் சொன்னவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்து அவர் கேட்பது, அல்லது கேட்க நினைப்பது, தம்பியைப் பற்றி. பிள்ளையிடமிருந்து கல்லீரல் வாங்கிய தகப்பனுக்குக் கண் விழித்ததும் வரும் முதல் எண்ணம் பெரும்பாலும் அதுதான். டியூப் இருந்தால் கேட்க முடியாமல் உள்ளுக்குள்ளேயே உழன்றுகொண்டிருப்பார். அதனால் அவர் கேட்பதற்கு முன்பே நீங்கள் சொல்ல வேண்டும். அதற்காக முதலில் தம்பியைப் பார்த்துவிட்டு அப்பாவிடம் போங்கள். "தம்பியைப் பாத்துட்டுத்தான் வர்றேன், முழிச்சுட்டான், பேசினான்." நடந்ததை மட்டும் சொல்லுங்கள். தம்பிக்கு வலி அதிகமாக இருந்தால், "வலி இருக்கு, மருந்து குடுக்கறாங்க" என்றே சொல்லலாம். ஒன்றும் இல்லை, ஓடியாடிக்கொண்டிருக்கிறான் என்று கூட்டிச் சொன்னால் அப்பா நம்பமாட்டார், கவலைதான் அதிகமாகும்.

இரண்டு மூன்று நாள் கழித்து அப்பா குழப்பமாகப் பேசக்கூடும். சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், நர்ஸுகள் கொல்லப் பார்க்கிறார்கள் என்பார், வீட்டுக்குப் போகணும் என்று இறங்கப் பார்ப்பார். இதை டெலிரியம் என்கிறோம். கல்லீரல் மாற்று சிகிச்சைக்குப் பிறகு இது அபூர்வமே இல்லை. பகலில் தெளிவாக இருந்துவிட்டு ராத்திரியில் அதிகமாகும். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் ஐசியூவை அப்படியே பஸ் என்று நினைத்துக்கொண்டார். கட்டிலைச் சுற்றி வந்த எங்களையெல்லாம் உள்ளே நகரச் சொல்லிக்கொண்டே இருந்தார், விசில் எங்கே என்று தேடினார். அவர் மகன் "அப்பா, இது பஸ் இல்லைப்பா" என்று மல்லுக்கட்டி மல்லுக்கட்டி அழுதேவிட்டான். மனைவி வந்தார். வாதாடவும் இல்லை, ஆமாம் போடவும் இல்லை. கையைப் பிடித்துக்கொண்டு, "ஏங்க, நான் வந்துட்டேன். ஆஸ்பத்திரியில இருக்கீங்க. ஆபரேஷன் முடிஞ்சுபோச்சு" என்று அதே குரலில் திரும்பத் திரும்பச் சொன்னார். கண்ணாடியை எடுத்துப் போட்டுவிட்டார். கொஞ்ச நேரத்தில் அந்த மனிதரின் மூச்சு நிதானமானதை மானிட்டரிலேயே பார்த்தோம்.

அந்த மூக்குக் கண்ணாடியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். அப்பா கண்ணாடி போடுகிறவரா, காது மிஷின் வைப்பவரா என்று எங்களுக்குத் தெரியாது. ஆபரேஷனுக்குப் போகும்போது கழற்றி உங்களிடம்தான் தந்திருப்பார்கள். நாளைக்கே கொண்டுவந்து சிஸ்டரிடம் கொடுங்கள். கூடவே அவரைப் பற்றியும் சொல்லுங்கள். வீட்டில் எப்படிக் கூப்பிடுவீர்கள், இடதுகைக்காரரா, எந்தப் பக்கம் படுத்தால் தூங்குவார், தூக்க மாத்திரை போடும் பழக்கம் உண்டா, புகையிலை உண்டா. கடைசி இரண்டையும் மறைக்கக் கூடாது. திடீரென்று நின்றுபோன பழக்கமும் குழப்பத்தைக் கிளப்பும், டாக்டருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். பேத்தியின் மழலையையோ உங்கள் குரலையோ பதிவு செய்து தந்தால், ராத்திரி அவர் தவிக்கும்போது போட்டுக்காட்ட முடியுமா என்று கேட்டுப்பாருங்கள்.

டியூப் எடுத்தபின் தண்ணீர் கேட்பார். கெஞ்சுவார். உதடு வெடித்திருக்கும், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருக்கும். "ஒரே ஒரு வாய் குடும்மா" என்று பெற்ற தகப்பன் கேட்கும்போது எந்தப் பிள்ளையால் மறுக்க முடியும்? ஆனாலும் கொடுக்கக் கூடாது. டியூப் இருந்த தொண்டை விழுங்குவதற்கு இன்னும் பழகியிருக்காது, ஒரு வாய்த் தண்ணீர் நுரையீரலுக்குள் போனால் நிமோனியா. சிஸ்டரைக் கூப்பிடுங்கள், ஈரப் பஞ்சால் வாயையும் உதட்டையும் துடைத்துவிடுவோம். அதைச் செய்ய உங்களையே அனுமதித்தாலும் அனுமதிப்போம்.

கை கழுவுவதைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். அப்பாவின் உடம்பு தம்பியின் கல்லீரலை அந்நியமாக நினைத்துத் தாக்காமல் இருக்க, அவருடைய எதிர்ப்புச் சக்தியை மருந்து கொடுத்து அடக்கி வைத்திருக்கிறோம். உங்களுக்குச் சாதாரணச் சளியாகப் போவது அவருக்குப் பெரிய ஆபத்தாகலாம். சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 விநாடி, கையில் தேய்க்கும் கிருமிநாசினி என்றால் 20 முதல் 30 விநாடி, விரல் இடுக்கு, கட்டைவிரல், நகம் என்று தேய்க்க வேண்டும். வளையல், மோதிரம், வாட்ச் எல்லாம் கழற்றி வையுங்கள். தலையில் பூ வேண்டாம், மல்லிகை ஒரு கண்ணி என்றாலும் வேண்டாம். பூவிலும் மண்ணிலும் இருக்கும் பூஞ்சை இவர்களுக்கு எமன். முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்ளச் சொல்லுங்கள், தரையிலும் டியூபிலும் படும். செல்போனை வெளியிலேயே விட்டுவிட்டுப் போங்கள். தொண்டை கரகரப்பு, இருமல், வயிற்றுப்போக்கு, அக்கி என்று எது இருந்தாலும், அது உங்களுக்கே இருந்தாலும், அன்றைக்குப் போகாதீர்கள்.

விபூதி விஷயமும் இதில்தான் வருகிறது. அத்தையின் மனம் நோக வேண்டாம். ஆனால் நெற்றியில் பூச முடியாது. பொடி காற்றில் பறக்கும், மூக்குக்கும் டியூபுக்கும் பக்கத்தில் போகும். தீர்த்தம், மஞ்சள் கயிறு, வேளாங்கண்ணி எண்ணெய், ஜம்ஜம் தண்ணீர் எதற்கும் இதே பதில்தான். சாமி படத்தை லாமினேட் செய்து கொண்டுவந்தால் கிருமிநாசினியால் துடைத்து, அவர் கண்ணில் படும் இடத்தில் வைக்க எங்களில் பலரும் தயங்கமாட்டோம். அத்தை வெளியில் நின்று வேண்டிக்கொண்டு, "அத்தை உங்களுக்காகக் கோயிலுக்குப் போய்ட்டு வந்தாங்க" என்று நீங்கள் அப்பாவிடம் சொன்னால் அதிலேயே அவருக்குப் பாதித் தெம்பு வந்துவிடும்.

அம்மாவைக் கூட்டிப் போங்கள். ஆனால் முதல் ஆளாக வேண்டாம். நீங்கள் முதலில் பார்த்துவிட்டு, வீக்கம் இப்படி, டியூப் இங்கே என்று அம்மாவிடம் விவரமாகச் சொன்ன பிறகு அவர் போகட்டும். சாப்பிட்டிருக்க வேண்டும், பிரஷர் மாத்திரை போடுபவர் என்றால் போட்டிருக்க வேண்டும். வெறும் வயிற்றோடு, தூக்கமில்லாமல் வந்து ஐசியூவில் மயங்கி விழுந்த அம்மாக்களை நாங்கள் தூக்கிப் படுக்கவைத்திருக்கிறோம். அழுகை வந்தால் வரட்டும். கண்ணீரைப் பார்த்து எந்த நோயாளியும் கெட்டுப்போவதில்லை. ஒப்பாரியாகப் போகாமல் இருந்தால் போதும். பணம், இன்ஷூரன்ஸ், யார் வந்தார்கள் யார் வரவில்லை என்பதெல்லாம் கட்டிலருகில் பேசக் கூடாது. அவர் தூங்குகிறார் என்று நினைத்துப் பேசுவீர்கள், அவருக்குக் கேட்டுக்கொண்டிருக்கும்.

ஊரிலிருந்து வேன் பிடித்து வர நினைக்கிறவர்களை இப்போதே நிறுத்துங்கள். "எட்டிப் பாத்துட்டு வந்துடறோம்" என்பதற்கு மாற்று ஐசியூவில் இடமே கிடையாது. தினமும் அதே இரண்டு பேர் உள்ளே போவது நல்லது. டாக்டரிடம் பேசுவது ஒரே ஆளாக இருக்கட்டும், சொந்தபந்தங்களுக்குப் போன் செய்வது இன்னொருவராக இருக்கட்டும். டாக்டரிடம் "நல்லா இருக்காரா?" என்று கேட்டால் "நல்லா இருக்கார்" என்பதோடு முடிந்துவிடும். நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன மாற்றம், டாப்ளர் ஸ்கேனில் கல்லீரலுக்குப் போகும் ரத்த ஓட்டம் எப்படி இருக்கிறது, டியூப் எப்போது எடுப்பீர்கள், சிறுநீர் எவ்வளவு போகிறது என்று கேளுங்கள். முதல் நாட்களில் டாப்ளர் அடிக்கடி எடுப்பார்கள். கல்லீரல் தமனியில் ரத்தம் உறைந்துவிடுமோ என்பதுதான் எங்கள் எல்லோருடைய பெரிய கவலை. ரத்தக்கசிவுக்காகவோ இதற்காகவோ சிலரை மறுபடி ஆபரேஷன் தியேட்டருக்கு எடுத்துப் போக நேரும். சர்க்கரை நோயே இல்லாதவருக்கும் ஸ்டீராய்டால் சர்க்கரை ஏறி இன்சுலின் ஓடலாம், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் டாக்ரோலிமஸ் மருந்தால் கை நடுங்கலாம். பிறகு ஒரு நாள், உடம்பு புதுக் கல்லீரலைத் தாக்குவதைச் சொல்லும் ரிஜெக்‌ஷன் என்ற சொல் காதில் விழுந்தாலும் கல்லீரல் போய்விட்டது என்று உட்கார்ந்துவிடாதீர்கள். முதல் வாரங்களில் வரும் ரிஜெக்‌ஷன் பெரும்பாலும் மருந்துக்குக் கட்டுப்படுகிறது.

வேறு உறுப்பு மாற்றியவர்களின் வீட்டாரும் இதைப் படிப்பார்கள் என்பதால் இரண்டு விஷயம் சொல்கிறேன். இதயம் மாற்றியவர்களுக்கு மானிட்டரில் துடிப்பு 90, 110 என்று காட்டும். பழைய நரம்புத் தொடர்பு அறுந்த இதயம் ஓய்விலும் அந்த வேகத்தில்தான் துடிக்கும். சிறுநீரகம் மாற்றியவர்களுக்கு, அதுவும் மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து பெற்றது என்றால், அது உடனே வேலை செய்யாமல் சில நாள் டயாலிசிஸ் தேவைப்படலாம். தோல்வி என்று அர்த்தம் இல்லை. அப்படி உறுப்பு பெற்றவர்கள் சில நாளில் அதைக் கொடுத்தவரை நினைத்து அழுவார்கள். அழவிடுங்கள். 2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்து டாக்டர் தம்பதி மூளைச்சாவு அடைந்த தங்கள் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைக் கொடுத்த பிறகுதான் தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு இதைப் பற்றிப் பேச்சு வந்தது. உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்று முதலமைச்சர் அறிவித்தது 2023 செப்டம்பர் 23-ல்.

இப்போது தம்பி. ஒரு துளி நோயும் இல்லாத பையன், நேற்றுவரை பைக் ஓட்டிக்கொண்டிருந்தவன், தானாகப் போய் வயிற்றைக் கிழிக்கக் கொடுத்திருக்கிறான். பெரியவர்களுக்குக் கல்லீரல் தருபவர்களிடமிருந்து வலது பகுதியை எடுத்தால் அது ஏறக்குறைய 60 சதவீதம். இரண்டு மூன்று மாதத்தில் பழைய அளவை நெருங்கி வளர்ந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் இந்த வாரம் அவனுக்குத் தாங்க முடியாத வலி. பல மாதம் படுத்த படுக்கையாக இருந்த அப்பாவுக்கு அறுவைக்குப் பிறகு "பரவாயில்லையே" என்று தோன்றும். நன்றாக இருந்த பிள்ளைக்கு "எனக்கு என்ன ஆச்சு" என்று தோன்றும். இருமினால் உயிர் போகும், குமட்டும், நாலு அடி நடந்தால் தலை சுற்றும். அறைக்குள் வருகிறவர்களெல்லாம் "அப்பா எப்படி இருக்கார் தெரியுமா" என்றே பேசுவார்கள். அவன் ஆம்பிளைப் பிள்ளை, வலிக்கிறது என்று சொல்லமாட்டான். தானம் கொடுத்தவர்கள் போர்வைக்குள் முகத்தை மூடிக்கொண்டு அழுவதை நான் பார்த்திருக்கிறேன்.

ஐசியூவில் அப்பாவுக்கு இருபத்துநாலு மணி நேரமும் ஆள் இருக்கிறோம். உங்களுக்கு அங்கே சில நிமிடம்தான். தம்பி வார்டுக்கு வந்ததும் அவனோடு வீட்டு ஆள் ஒருவர் இருக்க வேண்டும். அம்மாவை அங்கே உட்காரவையுங்கள். ஐசியூ வாசல் நாற்காலியில் பகல் முழுக்கக் கதவைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட, மகன் இருமும்போது வயிற்றில் தலையணையை அணைத்துப் பிடித்துக்கொள்ள உதவுவது அம்மாவுக்கும் தாங்கும் வழி. "அப்பா உயிரே உன் கையில" என்று யாரும் அவனிடம் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்கு ஏதாவது சிக்கல் வந்தால் தன் கல்லீரல் சரியில்லையோ என்று அவன் தன்னையே குறைசொல்லத் தொடங்குவான். அப்பாவைப் பற்றிய செய்தி அவனிடம் மறைக்காமல் போக வேண்டும். அவனோடு நன்றாகப் பேசத் தெரிந்த ஒருவர் சொல்லட்டும். அப்பாவின் ஐசியூ டாக்டரிடம் ஐந்து கேள்வி கேட்டால், தம்பியின் டாக்டரிடமும் ஐந்து கேட்டுவிட்டு வாருங்கள்.

குழந்தையை ஐசியூவுக்குக் கொண்டுவர வேண்டாம், விடவும் மாட்டார்கள். ஆனால் அப்பா வீடு திரும்பும்போது ஒரே வீட்டில் இருக்கப் போகிறீர்கள் என்றால் ஒன்றை இப்போதே கவனியுங்கள். வாயில் விடும் போலியோ சொட்டு மருந்தில் வலுக்குறைத்த உயிருள்ள வைரஸ் இருக்கிறது, கொடுத்த பிறகு சில வாரம் குழந்தையின் மலத்தில் வெளியேறும். எதிர்ப்புச் சக்தி அடக்கப்பட்டவர் இருக்கும் வீட்டில் அதற்குப் பதில் ஊசி வடிவ போலியோ மருந்து போடுவார்கள். வீட்டில் மாற்று அறுவை சிகிச்சை செய்தவர் இருக்கிறார் என்று குழந்தை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். போலியோ முகாமுக்குப் போவதற்கு முன்பும் அவரிடம் கேளுங்கள். ஒன்பதாம் மாதத்தில் போட வேண்டிய தட்டம்மை, ரூபெல்லா ஊசியால் அப்பாவுக்கு ஆபத்து இல்லை, அடுத்த மாதம் அதைத் தவறாமல் போட்டுவிடுங்கள். டயப்பர் மாற்றுவது உங்கள் வேலையாகவோ அம்மாவின் வேலையாகவோ இருக்கட்டும், மாற்றியபின் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு அப்பா பக்கம் போங்கள்.